1991 கடனும் நமது இடஒதுக்கீடும்

1991-இல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆண்டு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்க நம் அரசு எதையெல்லாம் ஒப்புக்கொண்டது என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன். நிதிப் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும், உர மானியத்தை வெட்ட வேண்டும், பொதுத்துறைப் பங்குகளை விற்க வேண்டும். இடஒதுக்கீட்டை எடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அரசமைப்பின் 16(4) அரசுப் பணிகளுக்குத்தான்; தனியார் வாசலைத் தாண்டி அது உள்ளே போகாது.

மண்டல் அறிவிப்பு 1990 ஆகஸ்டில் வந்தது. 27 விழுக்காட்டை உச்சநீதிமன்றம் ஏற்றது 1992 நவம்பரில். இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கடன்.

செலவைக் குறை என்ற அந்தக் கணக்கு பிறகு உள்ளாட்சி வரை இறங்கியது. என் பெரியப்பா நகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர். அவருடைய ஓய்வூதியத்தில்தான் நான் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். அண்ணன் இன்று அதே தெருவை ஒப்பந்தத்தில் கூட்டுகிறார். கையுறைகூட அவர் காசுதான். சந்தைக்குச் சாதி தெரியாது என்று நம்மவர்களே சிலர் எழுதுகிறார்கள். அங்கே ஒப்பந்தக்காரர் எந்தச் சாதி, கூட்டுகிறவர் எந்தச் சாதி என்று ஒருநாள் காலை ஐந்து மணிக்கு வந்து பார்க்கட்டும். நானே அழைத்துப் போகிறேன்.