25க்கு 17



2021 மே மாதம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி சிடி ஸ்கேன் எடுத்து, தாளில் "25க்கு 17" என்றிருந்ததைப் பார்த்து அழுத குடும்பங்களைக் கண்டோம். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என்று, நோய் பரவிய அளவுக்குப் போடும் மதிப்பெண் அது. கூடினால் ஆபத்தும் கூடும், மெய்தான். ஆயுள் கணக்கு அல்லாஹ்விடம். வயது, சர்க்கரை, ஆக்சிஜன் எல்லாம் பார்த்தே மருத்துவர் சொல்வார்.

குறைந்த எண்ணை நம்பி வீட்டிலிருந்தவர்களும் உண்டு! முதல் இரண்டு நாளில் எடுத்த ஸ்கேன் சுத்தமாகவே இருக்கலாம். மூச்சுத்திணறல் ஒரு வாரம் கழித்தும் வரும். லேசான நோய்க்கு ஸ்கேன் வேண்டாமென்று எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா அம்மாதமே சொன்னார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் ஸ்கேனுக்குக் காத்திராதீர்கள். நள்ளிரவானாலும் எங்களைக் கூப்பிடுங்கள், வண்டி அனுப்புகிறோம்.