படத்தில் காணாத பனி
(நம் குடியிருப்பின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். ஓவியத்துக்கும் வரவு, பற்று உண்டு. இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பிரான்ஸில் பூகுரோ (1825–1905) என்று பெரிய ஓவியர் இருந்தார். 1889-ல் மாடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியை வரைந்தார். வெறுங்கால், தோளின் குறுக்கே கம்பு, பின்னால் மாடுகள். மேனியோ பளிங்கு மாதிரி! வெயிலில் அலைந்த களைப்பே தெரியாது. இப்படிப்பட்ட படங்களை அமெரிக்கப் பணக்காரர்கள் ஆசையாக வாங்கினார்கள்.

இன்னொருவர் பாஸ்தியன் லெபாஜ், கிராமத்துப் பிள்ளை. 1881-ல் அவரும் மாடு மேய்க்கும் சிறுமியைத்தான் வரைந்தார். இலையில்லாத மரத்தடியில், முரட்டுத் துணியைத் தலையோடு போர்த்தி, குளிரில் நிற்கிறாள்.

மறு வருடமே, 1882-ல், 6 முதல் 13 வயதுவரை கல்வி கட்டாயம் என்று பிரான்ஸில் சட்டம் வந்தது. ஆனால் வெளியாரிடம் விவசாய வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, தினம் ஒரு வேளை வகுப்பிலிருந்து விலக்கு தர அந்தச் சட்டமே இடம் வைத்திருந்தது. மாடு மேய்ப்பது விளையாட்டாக இருந்திருந்தால் விலக்கு எதற்கு?

பூகுரோவின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. அழகு அவர் எழுதிய வரவு. அந்தப் பிள்ளை இழந்த பள்ளிக்கூடம் எழுதாமல் விட்ட பற்று.

இரண்டு படங்களும் இணையத்தில் கிடைக்கும். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து, அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எந்தச் சிறுமிக்குக் குளிரும் என்று அவர்களையே கேளுங்கள்.