காரோடு விற்கும் கூடுதல் உத்தரவாதம்

தோட்டத்தில் மிச்சம் பிடித்து ஒரு குடும்பம் புதுக் கார் வாங்கப் போகிறது. "ஐந்து வருட உத்தரவாதம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் பழுது பார்த்துத் தருகிறோம், 2,400 வெள்ளிதான்" என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

முதலில் கணக்குப் பார்ப்போம். இந்தத் திட்டம் ஆறாம் வருடத்தில்தான் கைகொடுக்கும். பணத்தையோ இன்றே கட்ட வேண்டும். கார்க் கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டி உண்டு. மாதம் 40 வெள்ளி சேமித்தால், 60 மாதத்தில் அதே 2,400 வெள்ளி உங்கள் கையில் இருக்கும். கார் பழுதாகாவிட்டால் பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

அடுத்து, எது சேராது என்று கேளுங்கள். டயர், பேட்டரி, பிரேக் போன்ற தேயும் பொருள்கள் பெரும்பாலும் சேர்வதில்லை. குறித்த பட்டறையில் தவறாமல் சர்வீஸ் செய்யாவிட்டால் உத்தரவாதமே போய்விடலாம். அந்தப் பட்டறை பட்டணத்தில் இருந்தால், போய்வர ஒரு நாள் சம்பளமும் போகும்.

காரை நம்பியே பிழைப்பவர், பெரிய செலவை ஒரே தடவையில் தாங்க முடியாதவர் வாங்கலாம். ஆனால் இஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

திட்டம் வாங்காதவருக்கும் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. குறையுள்ள பொருளை விற்றவர்மீது, 5 வெள்ளி கட்டணத்தில், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

ஆகவே, படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து அதன் பிறகுதான்.