கண்ணிமை வீக்கமும் ஒவ்வாமையும்

சோளகம் வீசத் தொடங்கியதும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே புழுதி எழும்பும். அந்நாட்களில் காலையிலே துயிலெழும் சிறுவனொருவன் இமைகள் தடித்து, கண் திறக்கமாட்டாது, இரு கையாலும் கசக்கிக்கொண்டு அடுக்களைக்கு வருவது பல வீடுகளிற் காணும் காட்சி. நாவூறு பட்டதென்று பாட்டி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலிடுவாள். நாவூறு கழிகிறதோ இல்லையோ, மிளகாய்ப் புகை நொந்த கண்ணை மேலும் நோகச் செய்யும் என்பதில் ஐயமில்லை.

உடம்பின் தோல் யாவற்றிலும் மெல்லியது இமைத்தோலே. அதன் கீழுள்ள இழையங்கள் நெருக்கமின்றித் தளர்ந்திருப்பதால், சிறிதளவு நீர் கசிந்தாலும் அங்கே தங்கிப் புடைத்துவிடும். தூசியோ மகரந்தமோ கண்ணில் வீழ்ந்தவிடத்து, ஒவ்வாமை உடையவரின் உடம்பு அதனைப் பகையாகக் கருதி ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருளை வெளியிடுகின்றது. அப்பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியச் செய்ய, நீர் கசிகிறது, அரிப்பும் உண்டாகிறது. கசக்கினால் அப்பொருள் இன்னும் மிகுதியாகச் சுரக்கும். ஆண்டுக்கணக்காகக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழியே கூம்பிப் பார்வை கெடுதலும் உண்டு.

குடாநாட்டிலே இக்காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. அதுவே பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்களை 1955 ஆம் ஆண்டு இந்தியாவிலே பூனா நகரில் இனங்காணப்பட்டது. 1987 இல் இலங்கைக்கு வந்த இந்தியப் படையினருக்கென இறக்கப்பட்ட ஆடுகளோடு இங்கு புகுந்தது என்பது பலரது கருத்து. ஒரு செடி 10,000 இற்கும் மேற்பட்ட விதைகளைச் சொரியும். காய்ந்த செடியின் நுண்துகள்கள் காற்றிலேறி முகத்திற் படியும்போது இமைகள் சிவந்து, தடித்து, செதிலுதிரும். இவ்வகை வீக்கம் ஹிஸ்டமினால் மாத்திரம் விளைவதன்று. தொட்டு ஓரிரு நாள் கழித்தே தோன்றுவது. ஆதலால் தோட்டக்காரர் பலர் அதன் காரணத்தை அறியாமலே வெங்காயப் பாத்திக்கு மீண்டும் மீண்டும் செல்கின்றனர். மாத்திரை இதற்கு அவ்வளவாகப் பயன்படாது. செடியை விட்டு விலகுதலே மருந்து. மழை பெய்து மண் இளகிய வேளையில், பூக்குமுன், கையுறையும் முகமறைப்பும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையாற் பிடுங்கிவிட்டு அதே கையாற் கண்ணைத் துடைப்பவரே மிகவும் துன்புறுகின்றனர்.

வீட்டினுள்ளே தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளும் காரணமாகும். உறைகளை வாரந்தோறும் சுடுநீரிலே தோய்த்து வெயிலிற் காயவிடல் வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலுக்குத்தான் குறைவில்லையே!

வீங்கிய கண்ணுக்கு முதலுதவி எளியது. முகத்தைத் தூய நீராற் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமீது பத்து நிமிடம் வைத்தால் அரிப்புத் தணியும். முலைப்பால், இலைச்சாறு, பூச்சாறு எதனையும் கண்ணினுள் விடலாகாது. கிருமி புகுதற்கு அவை வழியாகும். ஒவ்வாமை மாத்திரைகளுள் குளோர்பெனிரமின் போன்ற பழையவை தூக்கம் வருவிப்பன. அவற்றை உண்டபின் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் தகாது.

மிகவும் அஞ்சத்தக்கது வேறொன்று. ஒருமுறை வைத்தியர் எழுதிக்கொடுத்த ‘ஸ்டீரொயிட்’ சொட்டுமருந்து விரைவிலே சுகந்தருவதால், அதே போத்தலைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்காக வாங்கிப் பிள்ளைக்கு விடுகின்ற பெற்றோர் உளர். அது சிலருடைய கண்ணினுள்ளே அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பை நோவின்றியே அழித்துவிடும், வெண்புரையையும் விளைவிக்கும். நரம்பு அழிந்தபின் அப்பார்வை மீள்வதில்லை. அரிப்பு நீங்கிற்றென்று தாய் மகிழ்ந்திருக்கும்போதே மகனின் பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டிருக்கும்.

இமை வீக்கம் யாவும் ஒவ்வாமையன்று. அரிப்பின்றிக் காலையில் இமையும் மாலையிற் காலும் வீங்குமாயின் சிறுநீரைப் பரிசோதித்தல் வேண்டும். சிறுநீரக நோய் அவ்வாறு தலைகாட்டும். ஒரு கண் மாத்திரம் சிவந்து, காய்ச்சலோடு, விழியை அசைக்க நொந்தால் அன்றைக்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ செல்லவேண்டும். இமையோடு உதடும் நாவும் வீங்கி மூச்சு முட்டுமாயின், விடியும் வரை காத்திராது அந்த நாழிகையே புறப்பட வேண்டும்.