படத்தின் பின்பக்கம்



உங்கள் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். பீரோவின் அடித்தட்டில், பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டியில், இல்லையென்றால் சாமி அலமாரியில் ஒரு பழுப்புக் கவருக்குள். அதன் முன்பக்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். சில படங்களின் முதுகில் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். மூலையில் பென்சிலால் ஒரு எண் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார். பெரும்பாலான படங்களில் ஒன்றுமே இருக்காது.

என் மாணவி ஒருத்தி இந்தப் பின்பக்கங்களைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறாள். ஒளிப்படக்கலை படிக்கிற பெண், முதுகலை இரண்டாம் ஆண்டு. வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. கிடைக்கிற முகூர்த்தத்துக்கெல்லாம் கல்யாண வேலை. இவற்றுக்கு நடுவே ஆய்வேடு. இந்த மூன்றையும் அவள் எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "போட்டோ பிடிக்கறதுக்கு எதுக்கு சார் ரெண்டு வருஷப் படிப்பு?" அவர் தையற்கடை வைத்திருப்பவர். பன்னிரண்டு வயதில் ஒரு மாஸ்டரிடம் காஜா எடுக்கப் போய், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அன்று நான் ஏதோ பதில் சொன்னேன். எனக்கே அது போதவில்லை.

விடுதி அறையில் அவள் கட்டிலுக்கு மேலே ஒரு மாதக் காலண்டர் தொங்கும். முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள். பருவத் தேர்வுகளுக்கு நீலம். நவம்பர்த் தேர்வு வருகிற நேரம் ஐப்பசி முகூர்த்தங்களும் வரும். அந்தப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வைகாசியில் கல்லூரி விடுமுறை, ஆகவே அது சம்பாதிக்கிற மாதம். கேமராவுக்குத் தவணை கட்ட வேண்டுமே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அவை கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதங்கள். அவளுக்கு அவைதான் ஆராய்ச்சி மாதங்கள். கல்வி ஆண்டு ஜூனில் தொடங்குகிறதோ ஜூலையில் தொடங்குகிறதோ, அவள் வருடம் பஞ்சாங்கப்படிதான் ஓடுகிறது.

கல்யாண வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை மட்டமாகப் பேசுகிற பழக்கம் கல்லூரிகளில் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. அவள் போவது இரண்டாவது கேமராவாக. முதல்நாள் மாலை ரிசப்ஷன். மண்டபத்தில் ஒரு மூலையில் இரண்டு மணி நேரத் தூக்கம். விடிவதற்கு முன்னால் காசியாத்திரை. மேடையில் மஞ்சள் பல்பு, ஓரத்தில் நீல எல்இடி, வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, ஹோமப் புகை. எல்லாம் ஒரே சட்டத்துக்குள். கெட்டிமேளம் கொட்டிய பிறகு கையில் இருப்பது சில நொடிகள்தான். எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அட்சதை பறக்கும், லென்ஸுக்கு முன்னால் நாலு கைகள் நீளும். இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியாது.

இந்தப் பெண் எங்கே நிற்பாள் தெரியுமா? தவில்காரருக்குப் பக்கத்தில். கெட்டிமேளத்துக்காக மேடையிலிருந்து ஒரு பெரியவர் கையை உயர்த்துவார். அதற்காகவே கண்ணை எடுக்காமல் காத்திருக்கிறவர் தவில்காரர். மண்டபத்தில் அந்த நொடியை முதலில் அறிகிறவர் அவர்தான். அவர் தோள் அசைவதைப் பார்த்தே இவள் கேமராவை உயர்த்திவிடுவாள். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் எழுதி வைக்கவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள்.

ஆனால் போன ஐப்பசியில் சறுக்கிவிட்டாள். ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம். வகுப்பில் நான் கொடுத்திருந்த பயிற்சி, ஒற்றை விளக்கு மட்டும் இருக்கும் இடத்தில் பத்துப் படங்கள். அவள் ரிசப்ஷன் படங்களிலிருந்து பத்தைப் பொறுக்கிக் கொடுத்தாள். அழகான படங்கள்தான். ஒற்றை விளக்கு மட்டும் எதிலும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண் கலங்கியது. "தூங்கி மூணு நாளாச்சு சார்" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் திருப்பித்தான் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பத்துப் படங்கள் வந்தன. விடியற்காலை மூன்று மணி, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு. ஒரு குண்டு பல்பு. அண்டாவிலிருந்து ஆவி எழுந்து பல்பைத் தொடுகிறது. தேங்காய் துருவுகிற அம்மாவின் முழங்கையில் மட்டும் வெளிச்சம். இட்லித் தட்டைத் தூக்குகிறவரின் முகம் பாதிதான் தெரிகிறது, அந்தப் பாதியில் வேர்வை. வேலைக்குப் போன இடத்திலேயே வகுப்புப் பாடத்தைச் செய்திருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சமையல்காரர்களின் பெயர், ஊர், தேதி, நேரம். அதை நான் கேட்கவே இல்லை. அந்தப் பழக்கம் ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

ஆராய்ச்சிக்கு முதலில் அவள் எழுதிக் கொண்டுவந்த தலைப்பு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் வரலாறு. அது ஒரு ஆள் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. போதாததற்கு, புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி எண்ணிமப் பிரதி எடுத்திருக்கிறது. அதை முதலில் பார் என்றேன். பார்த்துவிட்டு வந்து, "முன்பக்கத்தை அவங்க பார்த்துட்டாங்க சார், நான் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்" என்றாள். மாணவர்களிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகத்தான் இத்தனை வருடமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறேன்.

மதுரைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு ஸ்டுடியோ. எண்பது தாண்டிய பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பார். பாஸ்போர்ட் படத்துக்குக்கூட இப்போது ஆள் வருவதில்லை. ஆனால் திரைச்சீலை இருக்கிறது. மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்தது. நெகட்டிவில் ரீடச்சிங் செய்கிற சாய்வு மேசை இருக்கிறது. ஊசிபோலச் சீவிய பென்சிலை வைத்து முகத்து அம்மைத் தழும்புகளை ஒவ்வொரு புள்ளியாக மறைத்த மேசை அது. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பத்தோடு படம் எடுக்க அவருடைய அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதையெல்லாம் சொன்னார்.

கண்ணாடி நெகட்டிவ்கள் எங்கே என்று இவள் கேட்டாள். சுரண்டிக் கழுவி, சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. பிலிம் நெகட்டிவ்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. சொல்லிவிட்டு உள்ளே போனார். துணியில் கட்டிய நீள நீளமான பேரேடுகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"படம் போச்சு தாயி. கணக்கு இருக்கு."

பதினொரு பேரேடுகள். வரிசை எண், பெயர், ஊர், அளவு, எத்தனை பிரதி, முன்பணம், பாக்கி. அந்த வரிசை எண்ணைத்தான் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் அந்த எண்ணோடு ஒரு படம் கிடந்தால், அதில் இருப்பவரின் பெயர் இங்கே இருக்கிறது.

அப்படி ஒன்று கிடைத்தது. நாற்காலி முதுகில் கையை வைத்து நிற்கிற ஓர் இளம்பெண். வீட்டில் யாருக்கும் யாரென்று தெரியவில்லை, "யாரோ ஒரு அத்தை" என்றார்கள். பின்பக்கத்தில் எண். பேரேட்டில் அதே எண்ணுக்கு எதிரே பெயரும் ஊரும், கார்டு சைஸ் மூன்று பிரதி, பாக்கி ஒன்றேகால் ரூபாய். பெயரைச் சொன்னதும் அந்த வீட்டுப் பாட்டி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். அவருடைய அம்மாவோடு பிறந்தவர். சிறுவயதிலேயே போய்விட்டவர்.

படத்துக்கு எண் போடுகிற வழக்கம் எவ்வளவு பழையது என்று அவள் தேடியபோது வகுப்பில் படித்த வரலாற்றுப் பாடம் கைகொடுத்தது. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1856-ல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களோடு புறப்பட்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை என்று சுற்றினார். 1858-ல் மதுரைப் படங்கள் விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தன் படங்களுக்கு எண் போட்டுக் கையெழுத்தும் இட்டார். 1859-ல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். வேலை நின்றது. எண்ணும் குறிப்பும் இருப்பதால், அந்தப் படங்களில் இருப்பது எந்த மண்டபம், எந்தக் கோபுரம் என்று இன்றும் நமக்குத் தெரிகிறது.

படிக்கும்போதே தொழில், தொழிலுக்குள்ளேயே ஆராய்ச்சி என்றால் உடனே எனக்கு நினைவு வருகிறவர் தயானிதா சிங். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவியாக இருந்தவர். 1981-ல் ஜாகிர் உசேனின் தபலாக் கச்சேரியைப் படம் எடுக்கப் போன இடத்தில் ஏற்பாட்டாளர் ஒருவர் தடுத்திருக்கிறார், அந்தத் தள்ளுமுள்ளில் எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டார். அவமானத்தோடு திரும்பிப் போகவில்லை. ஜாகிர் உசேனிடமே பேசிவிட்டார். அதன்பின் ஆறு குளிர்காலங்கள் இசைக் கலைஞர்களோடு பேருந்திலும் ரயிலிலும் பயணம். 1986-ல் அது புத்தகமானது. மாணவியாகக் கையால் ஒட்டிச் செய்த அந்த மாதிரிப் புத்தகத்தையே 2019-ல் ஜெர்மனியின் ஸ்டைடில் பதிப்பகம் அப்படியே அச்சிட்டது. 2022-ல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது. அந்த ஆறு குளிர்காலங்களைத்தான் நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வகுப்பையும் கூலி வேலையையும் விரைவாக முடிக்கலாம், முடிக்கத்தான் வேண்டும். ஏதாவது ஒன்றை மட்டும் அவசரப்படுத்தாமல் வைத்துக்கொள்ள வேண்டும். என் மாணவிக்கு அது பதினொரு பேரேடுகள்.

ஒரு சட்ட விஷயம், பெற்றோர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படத்தைத் தன் வேலைக்கு மாதிரியாகக் காட்ட விரும்பும் மாணவர், முன்பணம் வாங்கும்போதே அதற்கு ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. இவள் போடுகிறாள். இறந்தவர்களின் படங்களைத் தருகிற குடும்பங்களிடமும் அப்படியே எழுதி வாங்குகிறாள்.

என் இளவயது அனுபவம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் என் கேமராவின் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பிந்தி ஓடியது. நான் கவனிக்கவில்லை. இரண்டு கேமராக்களின் படங்களையும் நேரப்படி அடுக்கினால் தாலி கட்டிய பிறகு ரிசப்ஷன் நடக்கிறது, மாலை மாற்றுவதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை மூன்று நாள் உட்கார்ந்து கையால் பிரித்தேன். கூலியும் கிடைக்கவில்லை. அதனால்தான் முதல் வகுப்பில் லென்ஸைப் பற்றிப் பேசமாட்டேன். கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்வேன்.

கேமரா தேதியை எழுதும், ஷட்டர் வேகத்தை எழுதும், அப்பர்ச்சரை எழுதும். யார் இது என்று எழுதாது. பழைய படத்தின் பின்பக்கம் இப்போது கோப்புக்குள் போய்விட்டது, அங்கே ஒரு கட்டம் காலியாகக் காத்திருக்கிறது. அதை ஆள்தான் நிரப்ப வேண்டும். அவள் அப்பா கேட்ட கேள்விக்கு இன்று நான் சொல்லும் பதில் இந்தக் கட்டம்தான். படம் பிடிக்க அவள் மண்டபங்களிலேயே கற்றுக்கொண்டிருப்பாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட மனம் வராத ஆளாக ஆவதற்குத்தான் இந்த இரண்டு வருடம்.

தை மாதக் கல்யாணம் ஒன்றின் படங்களை அவள் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தபோது நானும் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் தவில்காரர் பெயர், நாதஸ்வரக்காரர் பெயர், சுருதி போட்ட பையனின் பெயர், மூவரின் ஊர். எத்தனையோ கல்யாண ஆல்பங்கள் பார்த்திருக்கிறேன். நாதஸ்வரக் குழுவின் பெயரை எழுதிய ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

ஆடி பிறக்கப் போகிறது. நான்கு பேரேடுகள் முடித்திருக்கிறாள், இன்னும் ஏழு பாக்கி. பெரியவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. பேரேட்டிலிருக்கும் அவருடைய அப்பாவின் கையெழுத்தை அவரைத் தவிர வேறு யாராலும் சரளமாகப் படிக்க முடியாது. அதனால் இந்தத் தடவை மாதம் முழுக்க அங்கேயே தங்குகிறாள்.