சந்தா கட்டிய காது

சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு வானொலிதான் கடிகாரம். செய்தி முடிந்தால் மணி இத்தனை என்று தெரிந்துவிடும்.

அந்தப் பழக்கத்தை மாற்ற வந்தது வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி. 2000-இல் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து நேரே நம் வீட்டு ஆன்டெனாவுக்கே ஒலி வந்தது. சந்தா கட்டினால் கர்நாடக இசைக்குத் தனி அலைவரிசை, தமிழ்ப் பாட்டுக்குக் கேஎல் ரேடியோ. பிடித்த பாட்டுக்காகக் காத்திருந்த காது, பிடிக்காத பாட்டைப் பொறுத்துக்கொள்ள மறந்தது.

2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் அந்தச் சேவை நின்றது. பணம் கட்டி வாங்கிய பெட்டி ஊமையாகிவிட்டது. சந்தா கேட்காத திருநெல்வேலி வானொலியோ இன்றும் பேசுகிறது!

பிடித்ததை மட்டுமே கேட்டால் ரசனை வளராது நேயர்களே. தெரியாததையும் கொஞ்சம் கேளுங்கள்!