“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லாதீர்கள்

(நம் சங்கத்தின் மகளிர் குழு அக்டோபர் மாதம் கம்யூனிட்டி ஹாலில் நடத்திய மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இந்த ஹாலில் நான் மைக் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பொதுக்குழுவில் தண்ணீர் லாரிக் கணக்கைக் கேட்பதற்காக. இன்று வேறு கணக்கு சொல்ல வந்திருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இன்று நன்றாக இருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு, அப்போது நான் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டதாகத்தான் தெரியும். அந்தப் பொய்யைப் பரப்பியது நான்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு நாள் குளிக்கும்போது, இடது மார்பில் அக்குள் பக்கமாக, ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. மகளின் ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும், நாத்தனார் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று நான்கு மாதம் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் மேமோகிராம், ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுக்கும் பயாப்ஸி எல்லாம். முடிவு வந்தது: இரண்டாம் நிலை. இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதன் பிறகு 21 நாளுக்கு ஒரு தடவை வீதம் எட்டு கீமோ, மூன்று வாரம் கதிர்வீச்சு, பிறகு தினமும் ஒரு மாத்திரை.

இவ்வளவு நடந்தபோதும் பக்கத்து வீட்டுக்குக்கூட நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். முதல் காரணம் கூச்சம். கிட்னியில் கல் என்றால் ஊருக்கே சொல்கிறோம். மார்பு என்ற சொல் மட்டும் வாயிலிருந்து வர மறுக்கிறது. இரண்டாவது, மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது “அம்மாவுக்கு அந்த நோய் இருந்ததாமே” என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற பயம். மூன்றாவது, எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்களே என்ற பயம்.

இரண்டாவது பயத்துக்கு என் டாக்டர் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த நோய் வருபவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்த மரபணு மாற்றத்தால் வருகிறது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆண்களுக்கும் அபூர்வமாக வரும். ஆகவே பின்வரிசையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் சார்களும் கொஞ்சம் கவனியுங்கள்.

முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. லிஃப்டில் யாரையாவது பார்க்க வேண்டியிருக்குமே என்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே படியில் இறங்கிப் போவேன். மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். இந்தக் கட்டிடத்தில் 120 வீடு இருக்கிறது. நான் 120 பேரிடமிருந்தும் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது கீமோ முடிந்து பத்தாவது நாள். என் கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். நல்ல மழை. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. காய்ச்சல் 101. கீமோ போட்ட ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோகும், அப்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார். டாக்ஸி கிடைக்கவில்லை. “விடியட்டும், பார்த்துக்கலாம்” என்றேன். என் மகள் கேட்கவில்லை. மாடி ஏறிப் போய் மேல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள்.

அந்த வீட்டு அக்காவோடு நான் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. அவர்கள் பாத்ரூமிலிருந்து எங்கள் வீட்டுச் சீலிங்கில் தண்ணீர் ஒழுகுகிற விவகாரம். சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த புகார்கள் இன்னும் கோப்பில் இருக்கும். அந்த அக்கா நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கார் சாவியோடு ஓடி வந்தார். போகிற வழியில்தான் “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத்தனை நாளா இதையா உள்ள வச்சுக்கிட்டு இருந்தீங்க? நீங்க என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறது அந்தத் தண்ணிக்காகத்தான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். அந்தக் காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். விடியும்வரை காத்திருந்தால் நிலைமை கைமீறிப் போயிருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்றைக்குப் பிறகுதான் நம் கட்டிடத்துக்கு விஷயம் தெரிந்தது. நான் பயந்த மாதிரி சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள்; உண்மைதான். சிலர் “எங்க சித்திக்கும் இதேதான், ஆறே மாசம்” என்று கதை சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்றார்கள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தை, சந்தேகமில்லை. ஆனால் படுத்திருக்கிறவளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. என்ன வேண்டும் என்று யோசிக்கவும் தெம்பு வேண்டும். யோசித்தாலும் கேட்க வாய் வராது.

மேல் வீட்டு அக்கா அப்படிக் கேட்கவில்லை. “செவ்வாய், வெள்ளி ராத்திரி டிபன் என்னோடது. சூடா கொண்டுவந்து கதவுகிட்ட வச்சிட்டு பெல் அடிச்சிட்டுப் போயிடுவேன். பேச வேண்டாம்” என்றார். அந்தப் “பேச வேண்டாம்” எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவரைப் பார்த்து முதல் மாடி மாமி மத்தியான ரசம் சாதத்தை எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டுத் தம்பி கீமோ நாளில் கார் ஓட்டினான். செக்யூரிட்டி அண்ணன் நான் வரும் நேரம் பார்த்து லிஃப்டைக் கீழே நிறுத்தி வைப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு நாள். அவ்வளவுதான்.

ஆனாலும் நான்காவது கீமோவுக்குப் பிறகு நான் உடைந்துபோனேன். வாந்தி நிற்கவில்லை. வாயெல்லாம் புண். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் முள் சீத்தா இலைக் கஷாயம் கீமோவைவிடப் பல ஆயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று ஒரு செய்தி. அனுப்பியவர் எனக்கு ரொம்ப வேண்டியவர். நான் கணவரிடம், “போதும், நிறுத்திடலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். மேல் வீட்டு அக்கா வாதாடவில்லை. “சரி. நாளைக்கு டாக்டர்கிட்ட வந்து இதையே உங்க வாயால சொல்லுங்க. நான் கூட வரேன்” என்றார்.

போனோம். டாக்டர் கோபப்படவில்லை. வாந்திக்கு வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். அடுத்த நான்கு கீமோவில் மருந்தே வேறு, இந்த அளவு வாந்தி வராது என்று விளக்கினார். வெளியே பெஞ்சில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, செக்கப்புக்கு வந்திருந்தார். என் தலைத் துணியைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையை விலக்கித் தலையைக் காட்டினார். “பாரு, சுருட்டையா மொளைச்சிருக்கு. முன்னாடி எனக்குச் சுருட்டை முடியே கெடையாது” என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும். ஐந்தாவது கீமோவுக்குப் போனேன்.

அந்த அம்மா செய்ததை அமெரிக்காவில் 1952-லேயே ஒரு பெண் ஓர் இயக்கமாகத் தொடங்கியிருக்கிறார். தெரீஸ் லாசர் என்று பெயர். மார்பு அகற்றப்பட்ட அவர், அதே ஆபரேஷன் செய்துகொண்ட மற்றப் பெண்களை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போய்ப் பார்த்துப் பேசினார், கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ‘ரீச் டு ரிகவரி’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது.

இப்படிப்பட்ட துணை ஆயுளை நீட்டுமா? இதில் உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 86 பெண்களிடம் செய்த ஆய்வில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரிந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. பிறகு கனடாவில், நோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட 235 பெண்களிடம் பெரிதாக ஆய்வு செய்து 2001-ல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு மன வேதனை குறைந்திருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. ஆகவே நோயைக் குணப்படுத்துவது சிகிச்சைதான். அந்தச் சிகிச்சையைக் கடைசிவரை தாங்க வைப்பது மனிதர்கள். “பாசிட்டிவா இருங்க” என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். அழ வேண்டிய நாளில் அவள் அழுதுவிட்டுப் போகட்டும். நம்பிக்கையை அவள் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்றில்லை.

இப்போது உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, உதவி செய்ய நினைத்தால் நாளையும் வேலையையும் நீங்களே சொல்லுங்கள். “வியாழக்கிழமை குழந்தையை ட்யூஷனிலிருந்து நான் கூட்டிவரேன்” என்று சொல்லிப் பாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். சாப்பாடு கொடுத்தால் அன்றைக்குச் சமைத்ததாகக் கொடுங்கள். மருந்து மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, வீட்டுக்காரரையும் விசாரியுங்கள். என் கணவரை ஆறு மாதம் எல்லோரும் “அவங்க எப்படி இருக்காங்க?” என்றுதான் கேட்டார்கள். “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டது இஸ்திரிக்கார அண்ணன் ஒருவர்தான். அன்று ராத்திரி அவர் அதைச் சொல்லி அழுதார். மனம் தாங்காத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு நோயாளியும் பேசலாம், கூட இருப்பவரும் பேசலாம். அரசு நடத்தும் இலவச சேவை.

மூன்றாவது, நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களை மறக்காதீர்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள். பரிசோதனைக்கு அரை நாள் லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல்.

நான்காவது, கட்டி, தோலில் சுருக்கம் அல்லது குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் வீக்கம் - இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நாம் இல்லை. என்னைப் போல நான்கு மாதம் தள்ளிப் போடாதீர்கள்.

நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியில் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதைத் தொடங்கியது இந்திய மாதர் சங்கம். ஆமாம், ஒரு சங்கம். அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். நம் சங்கத்தால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஒரு பட்டியல் போட முடியும்: யார் கார் ஓட்டுவார்கள், யார் டிபன் தருவார்கள், ராத்திரி யாரை எழுப்பலாம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் யாராவது இப்போது நான் முன்பு செய்த மாதிரி ஒளிந்துகொண்டிருக்கலாம். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். ஒருவரிடம் சொல்லுங்கள். யாரிடம் என்று தெரியாவிட்டால் ‘பி’ பிளாக் மூன்றாவது மாடிக்கு வாருங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்கள். நான் திறக்கத் தாமதமானால் ஒரு மாடி ஏறி மேல் வீட்டு அக்காவை எழுப்புங்கள். அவர் சீக்கிரம் வந்துவிடுவார். எங்கள் சீலிங்கில் தண்ணீர் இன்னும் ஒழுகுகிறது. அதை நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.